வேதிவினை வேகவியல் கலைச்சொற்களும் முதுநிலைக் கல்வியும்: வடசென்னைத் தொழிற்பகுதியை முன்வைத்து ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

தமிழ்நாட்டுப் பாடநூல்களில் வழங்கும் வேதிவினை வேகவியல், புறப்பரப்பு வேதியியல் கலைச்சொற்கள் வரையறை அளவில் பெரும்பாலும் பொருந்துவன. ஆனால் முதுநிலைப் பாடம் கோரும் வாக்கியங்களில் அவற்றுட் சில ஒன்றோடொன்று மோதிப் பொருள்மயக்கம் தருகின்றன. வடசென்னையின் சுத்திகரிப்பு, உரத் தொழில்களில் நிகழும் வினைகளைச் சான்றாகக் கொண்டு இம்மயக்கத்தை இக்கட்டுரை ஆராய்கிறது. இலங்கைத் தமிழ் வழக்கோடு ஒப்பிட்டு, கலைச்சொல்லின் தகுதியை வாக்கியத்தில் வைத்தே சோதிக்க வேண்டும் என்னும் கருத்தை முன்வைக்கிறது.

திறவுச்சொற்கள்: கலைச்சொல்லாக்கம், வேதிவினை வேகவியல், வினையூக்கி, பலபடித்தான வினைவேகமாற்றம், வடசென்னை, அறிவியல் தமிழ்.

முன்னுரை

இராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரை கடலோரமாகவும், மேற்கே மணலி வரை உள்நோக்கியும் விரியும் நிலப்பகுதி தமிழ்நாட்டின் வேதித்தொழில் மையங்களுள் முதன்மையானது. 1965-இல் நிறுவப்பெற்று 1969-இல் இயங்கத் தொடங்கிய மணலி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும், 1971-இல் உற்பத்தியைத் தொடங்கிய சென்னை உர ஆலையும், 1960களிலிருந்து எண்ணூரில் இயங்கிவரும் பாஸ்பேட் உரத் தொழிலும் இப்பகுதியின் அடையாளங்களாகும். கச்சா எண்ணெயின் கனமான பின்னங்களைச் சிதைத்தல், டீசலிலிருந்து கந்தகத்தை நீக்குதல், நைட்ரஜனையும் ஹைட்ரஜனையும் இணைத்து அம்மோனியா ஆக்குதல், பாஸ்பேட் உரத்திற்கு வேண்டிய கந்தக அமிலத்திற்காகக் கந்தக டைஆக்சைடை ஆக்சிஜனேற்றுதல் ஆகிய இத்தொழில்களின் அடிப்படை வினைகள் அனைத்தும் திண்மப் பொருள்களின் பரப்பிலோ நுண்துளைகளிலோ நிகழ்வன. பாடநூல் இவற்றைப் ‘பலபடித்தான வினைவேகமாற்றம்’ என்னும் தலைப்பின்கீழ்க் கற்பிக்கிறது.

இவ்வினைகளை ஆராயும் உயர்கல்வி நகரின் தென்பகுதியில் குவிந்துள்ளது. 1944-இல் தொடங்கப்பெற்ற அழகப்பச் செட்டியார் தொழில்நுட்பக் கல்லூரி கிண்டியில் உள்ளது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் 2006-இல் தேசிய வினையூக்கி ஆய்வு மையம் உருவாக்கப்பட்டது. இவ்விடங்களில் பயிற்றுமொழி ஆங்கிலமே. பழைய வண்ணாரப்பேட்டையிலுள்ள சர் தியாகராயா கல்லூரி, வியாசர்பாடியிலுள்ள டாக்டர் அம்பேத்கர் அரசு கலைக் கல்லூரி போன்றவற்றுக்கு வரும் மாணவருள் மேல்நிலை வகுப்புவரை தமிழ்வழியில் பயின்றோர் உண்டு. அவர்களுள் முதுநிலை வேதியியலை எட்டுவோர், பள்ளியில் தமிழில் பெற்ற கருத்துகளைக் கொண்டே ஆங்கிலப் பாடத்தை உள்வாங்குகின்றனர். எனவே அத்தமிழ்ச் சொற்கள் பாரம் தாங்குவனவா என்பது மொழிப்பற்றைச் சார்ந்த வினா மட்டுமன்று. கற்றலைச் சார்ந்த வினாவுமாகும்.

1. பின்னணி

தமிழில் வேதியியல் நூலாக்கம் பழமையானது. யாழ்ப்பாணத்தில் மருத்துவப் பணியாற்றிய சாமுவேல் ஃபிஸ்க் கிறீனின் முயற்சியால் ‘கெமிஸ்தம்’ 1875-இல் வெளிவந்தது. வேதிவினை வேகவியல் தனித்துறையாக உருப்பெறுவதற்கு முற்பட்ட காலம் அது. வான்ட் ஹாஃபின் வேதி இயக்கவியல் ஆய்வு 1884-இலும், வெப்பநிலைக்கும் வினைவேகத்திற்கும் உள்ள தொடர்பைக் கூறும் அர்ரீனியஸின் சமன்பாடு 1889-இலும் வந்தன. ஆகவே இத்துறைக்குரிய தமிழ்ச்சொற்கள் முழுமையும் இருபதாம் நூற்றாண்டின் ஆக்கங்களே. 1938-இல் வெளியான கலைச்சொல் தொகுப்பு, 1960களுக்குப் பின் கல்லூரித் தமிழ்வழிக் கல்விக்காக எழுதப்பட்ட பாடநூல்கள், இன்றைய மேல்நிலைப் பாடநூல்கள் எனப் பல கட்டங்களைக் கடந்து அவை வந்துள்ளன.

இவ்வளர்ச்சியில் ஒரு பொதுத்தன்மை காணப்படுகிறது. சொற்கள் பட்டியலாக உருவாயின. ஒவ்வொன்றும் தன் ஆங்கில மூலத்தோடு மட்டும் ஒப்பிடப்பட்டு ஏற்கப்பட்டது. பள்ளிப் பாடத்தில் ஒரு கருத்து ஒரு பாடத்தில் வரையறுக்கப்பட்டு அங்கேயே முடிவதால் இம்முறை இடர்ப்பாடு தரவில்லை. முதுநிலைப் பாடத்தில் வேகவியல், பரப்பு வேதியியல், பலபடி வேதியியல், பொருள்கடத்தல் ஆகியன ஒரே வாக்கியத்தில் சந்திக்கின்றன. குறை அங்கேதான் வெளிப்படுகிறது.

2. வினைவேகமாற்றியும் வினையூக்கியும்

தமிழ்நாட்டுப் பாடநூல்களில் ‘வினைவேகமாற்றி’ நிலைபெற்றுள்ளது. ‘கிரியா ஊக்கி’, ‘வினையூக்கி’ என்பன பழைய வழக்காகவோ பொதுவழக்காகவோ கருதப்படுகின்றன. இலங்கையில் ‘ஊக்கி’ என்பதே கலைச்சொல். இவற்றின் வேறுபாடு அறிவியல் வரலாற்றோடு தொடர்புடையது.

1835-இல் பெர்சீலியஸ் இக்கருத்துக்குப் பெயரிட்டபோது, சில பொருள்களுக்கு வினையைத் தூண்டும் தனி ஆற்றல் உண்டு என்றே எண்ணினார். பின்னர் ஆஸ்ட்வால்ட் அதனை வேகத்தின் அடிப்படையில் வரையறுத்தார். சமநிலையை மாற்றாமல் வேகத்தை மாற்றுவது என விளக்கினார். அவருக்கு 1909-இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. ‘ஊக்கி’ பெர்சீலியஸின் கருத்துக்கும் ‘வினைவேகமாற்றி’ ஆஸ்ட்வால்டின் வரையறைக்கும் நெருக்கமானவை. இந்நோக்கில் பின்னதே அறிவியல் செம்மை உடையதெனத் தோன்றும்.

எனினும் இரண்டு தடைகள் உள்ளன. முதலாவது, ‘மாற்றி’ என்பது கூட்டுதல், குறைத்தல் இரண்டையும் தழுவும். அதனால் ‘எதிர் வினைவேகமாற்றி’ என்னும் வகைப்பாடு தமிழில் இயல்பாக ஒலிக்கிறது, பாடநூல்களிலும் இடம்பெறுகிறது. பன்னாட்டுத் தூய, பயன்பாட்டு வேதியியல் ஒன்றியத்தின் இன்றைய வரையறையோ வேகத்தைக் கூட்டும் பொருளுக்கே இப்பெயரை உரித்தாக்குகிறது. வேகத்தைக் குறைக்கும் பொருளை இப்பெயரால் சுட்டலாகாது, தடுப்பான் எனல் வேண்டும் என்கிறது. பழமையானதாக ஒதுக்கப்பட்ட ‘ஊக்கி’ இவ்வரையறைக்குப் பொருந்திவர, செம்மையானதெனக் கொள்ளப்பட்ட ‘மாற்றி’ விலகி நிற்கிறது.

இரண்டாவது தடை வாக்கியம் சார்ந்தது. ‘வினைவேகமாற்றி’யிலிருந்து செயலைக் குறிக்கப் ‘வினைவேகமாற்றம்’ பெறப்படுகிறது. வேகவியல் பாடத்திலோ வினைவேகத்தின் மாற்றம் என்பது செறிவாலும் வெப்பநிலையாலும் அழுத்தத்தாலும் நிகழ்வது. ‘வெப்பநிலை உயர்வால் ஏற்படும் வினைவேக மாற்றம்’ என எழுதினால், சொல்லிடையே விடப்படும் ஓர் இடைவெளியைத் தவிரப் பொருளை வேறுபடுத்துவது எதுவுமில்லை. காதால் கேட்கும் வகுப்பறையில் அந்த இடைவெளியும் இல்லை. வினையூக்கியின் சிறப்பு வேகத்தை மாற்றுவது மட்டுமன்று. தாழ்ந்த ஆற்றல்தடை கொண்ட வேறொரு வழியை வினைக்கு அளிப்பதே. அச்சிறப்பு ‘வினைவேகமாற்றம்’ என்னும் சொல்லில் மறைந்துபோகிறது.

‘ஊக்கி’ மட்டும் தனித்து நின்றாலும் ‘வளர்ச்சி ஊக்கி’, ‘ஊக்கமருந்து’ ஆகியவற்றோடு மயங்கும். ஆகவே ‘வினையூக்கி’, ‘வினையூக்கம்’ என்னும் முழு வடிவங்களே முதுநிலை எழுத்துக்கு ஏற்றவை. அவை இனி இக்கட்டுரையில் எடுத்தாளப்படுகின்றன.

3. பலபடித்தான என்னும் அடை

‘ஒருபடித்தான’ என்பது ஒரே தன்மையதான என்னும் பொருளில் தமிழில் முன்பே வழங்கும் சொல். அதன் எதிராகப் ‘பலபடித்தான’ அமைந்தது. பட்டியலில் இவ்விணை குறையற்றது. ஆனால் அதே பாடநூல் மரபில் ‘பலபடி’ என்பது மூலக்கூறுகள் தொடராகப் பிணைந்த பெருமூலக்கூற்றையும், ‘பலபடியாக்கல்’ அதனை உண்டாக்கும் வினையையும் குறிக்கின்றன. வினைவழிமுறையை விளக்கும்போது ‘படி’ என்பது வினையின் அடுத்தடுத்த கட்டம். ஒரே வேர் மூன்று கருத்துகளைச் சுமக்கிறது.

சீக்லர்-நட்டா முறையில் எத்திலீன் பாலிஎத்திலீனாக மாறுவதை முதுநிலை மாணவர் ஒருவர் விளக்க நேர்ந்தால், ‘பலபடித்தான வினைவேகமாற்றியின் பரப்பில் பல படிகளில் நிகழும் பலபடியாக்கல்’ என்றே எழுத வேண்டியிருக்கும். இலக்கணப்பிழை ஏதுமில்லாத அத்தொடர், கருத்தை முன்பே அறிந்தவருக்கு மட்டும் விளங்கும். அறியாதவருக்கு அறிவிப்பதே பாடநூலின் பணி என்பதை நோக்க, இது புறக்கணிக்கத்தக்க குறையன்று.

இலங்கை வழக்கில் பெருமூலக்கூறு ‘பல்பகுதியம்’ எனவும், இவ்வகை ஊக்கம் ‘பல்லின’ என்னும் அடையோடும் வழங்குவதால் மோதல் எழுவதில்லை. ஆயினும் ‘இனம்’ என்பது பொருளின் வகையைச் சுட்டுமேயன்றி அதன் இயல்நிலையைச் சுட்டாது. இங்கே கருதப்படுவது வினைபடுபொருளும் ஊக்கியும் வெவ்வேறு நிலைமைகளில் இருத்தல். ‘நிலைமை விதி’ என்னும் வழக்கு தமிழ்நாட்டு இயற்பிய வேதியியல் நூல்களில் முன்பே இருப்பதால், ‘பல்நிலைமை வினையூக்கம்’ என்பது கருத்தை நேரே சுட்டும்.

இவ்வடையின் பயனைக் கந்தக அமில ஆக்கத்தில் காணலாம். அவ்வினைக்குத் திண்ம வனேடியம் பென்டாக்சைடு பயன்படுகிறது எனப் பள்ளிப் பாடம் கூறும். செயல்படும் வெப்பநிலையில், அதாவது ஏறத்தாழ 400 பாகை செல்சியஸுக்கு மேல், வனேடியச் சேர்மங்கள் பொட்டாசியம் பைரோசல்ஃபேட்டோடு உருகி, சிலிக்காவின் துளைகளுக்குள் மெல்லிய நீர்மப் படலமாக நிற்கின்றன. வாயு, நீர்மம், திண்மத் தாங்கி என மூன்று நிலைமைகள் அங்குள்ளன. ‘பல்நிலைமை’ என்னும் சொல் எத்தனை நிலைமைகள், எவை எவை என்னும் வினாவை எழுப்பும். ‘பலபடித்தான’ என்னும் சொல்லுக்கு அத்தூண்டல் இல்லை.

4. வேகமும் வீதமும், வகையும் வரிசையும்

தமிழ்நாட்டில் ‘வினைவேகம்’ என்பது இலங்கையில் ‘தாக்கவீதம்’ ஆகும். முகவையில் நடக்கும் வினையைக் கற்கும்வரை ‘வேகம்’ தீங்கற்றது. தொழிற்சாலையின் வினைகலனில் வாயு, ஊக்கி நிரப்பிய படுகையினூடே ஓடுகிறது. அங்கே ஓட்டத்திற்கும் வேகம் உண்டு. வினைக்கும் வேகம் உண்டு.

வினையூக்க ஆய்வின் தொடக்கச் சோதனைகளுள் ஒன்றை இத்தமிழில் எழுதினால் இவ்வாறு அமையும்: ‘தொடுநேரம் மாறாதிருக்க, வாயுவின் வேகத்தை உயர்த்தும்போது வேகமும் உயருமாயின், அளந்த வேகம் வேதிவினையின் வேகம் அன்று.’ நான்கு இடங்களில் வரும் ‘வேகம்’ இரு வேறு அளவுகளைக் குறிக்கிறது. முதலாவது, ஒரு நொடியில் கடக்கும் தொலைவு. ஏனைய மூன்றும், ஒரு நொடியில் மாறும் பொருளின் அளவு. ‘வாயுவின் வேகத்தை உயர்த்தும்போது வீதமும் உயருமாயின், அளந்த வீதம் வேதிவினையுடையதன்று, ஊக்கியின் பரப்பை நோக்கி வினைபடுபொருள் வந்துசேரும் வீதமே’ என்று எழுதின் மயக்கம் நீங்கும். இங்கு ‘வீதம்’ இலங்கைக்கு மட்டும் உரியதன்று. ‘விழுக்காடு வீதம்’, ‘ஆளுக்கு இவ்வளவு வீதம்’ எனத் தமிழ்நாட்டிலும் அன்றாடம் புழங்குவது.

‘வகை’ என்னும் சொல்லின் இடர்ப்பாடு இதனினும் ஆழமானது. வினைவீதம் செறிவின் எத்தனையாவது அடுக்கைச் சார்ந்துள்ளது என்பதைத் தமிழ்நாட்டுப் பாடநூல் ‘வினைவகை’ என்கிறது. ‘முதல்வகை வினை’, ‘இரண்டாம்வகை வினை’ என்பன அவ்வழியே வருவன. ‘வகை’ தமிழில் இனப்பாகுபாட்டைக் குறிக்கும் சொல்லாதலால், வினைவகை என்றவுடன் சேர்க்கை, நீக்கல், பதிலீடு ஆகியனவே பொது வாசகரின் நினைவுக்கு வரும்.

டீசலின் கந்தக நீக்கம் இதற்கு ஏற்ற சான்று. 2020 ஏப்ரல் 1 முதல் இந்தியா முழுவதும் நடைமுறைக்கு வந்த பாரத் நிலை 6 தரத்தின்படி டீசலில் கந்தகத்தின் அளவு பத்து இலட்சத்தில் 10 பங்கைத் தாண்டலாகாது. அதற்கு முந்தைய தரத்தில் அது 50 பங்கு. நூற்றுக்கணக்கான பங்கிலிருந்து 50-க்கு இறங்குவதைவிட 50-இலிருந்து 10-க்கு இறங்குவது கடினமாவதன் காரணம் வேகவியலில் உள்ளது. டீசலிலுள்ள கந்தகச் சேர்மங்கள் ஒவ்வொன்றும் தனித்தனியே ஏறத்தாழச் செறிவின் முதல் அடுக்கையே சார்ந்து வினைபுரிகின்றன. ஆனால் அவற்றின் வீத மாறிலிகள் பெரிதும் வேறுபடுகின்றன. எளியவை முதலில் நீங்குகின்றன. கந்தக அணுவை அண்டையிலுள்ள மெத்தில் தொகுதிகள் மறைத்துநிற்கும் டைபென்சோதயோஃபீன் வழிச்சேர்மங்கள் இறுதிவரை எஞ்சுகின்றன. மொத்தக் கந்தகத்தை மட்டும் அளப்பவருக்கு வினை, செறிவின் அடுக்கில் ஒன்றுக்கு மேற்பட்டதாகத் தோன்றும்.

இதனைப் பாடநூல் தமிழில் ‘பல முதல்வகை வினைகள் கூடி இரண்டாம்வகை வினைபோல் தோன்றுகின்றன’ எனலாம். படிப்பவர், ஓரினத்தைச் சேர்ந்த வினைகள் வேறோர் இனமாக உருமாறின எனவே கொள்வார். இலங்கை வழக்கைத் தழுவி ‘பல முதலாம் வரிசை வினைகள் கூடி உயர்வரிசை வினைபோல் தோன்றுகின்றன’ என்றால், வரிசை என்பது எண்ணால் குறிக்கப்படும் அளவு என்பதும், அது பின்னமாகவும் அமையலாம் என்பதும் ஏற்புடையனவாகும். ‘ஒன்றரை வகை’ என்பதைத் தமிழ்மனம் ஏற்பது அரிது.

5. நச்சு என்னும் ஒற்றைச் சொல்

வினையூக்கி தன் திறனை இழத்தலைப் பள்ளிப் பாடம் ‘நச்சு’ என்னும் கருத்தோடு நிறுத்திக்கொள்கிறது. நீராவியால் ஹைட்ரோகார்பனைப் பிளந்து ஹைட்ரஜன் பெறும் கலனில் நிக்கலுக்குக் கந்தகம் நச்சு. இது சரியான சான்றே. ஆனால் தொழிற்கலனில் திறனிழப்பு பல வழிகளில் நேரும். வெப்பத்தால் உலோகத் துகள்கள் ஒன்றுதிரண்டு பரப்பு குறைவது ஒன்று. கரி படிந்து துளைகள் அடைபடுவது மற்றொன்று. கனமான எண்ணெய்ப் பின்னத்தைச் சியோலைட்டால் சிதைக்கும் அலகில் கரி சில நொடிகளிலேயே படிகிறது. அதனை வேறொரு கலனில் எரித்து ஊக்கியைப் புதுப்பிக்கின்றனர். அந்த எரிப்பின் வெப்பமே சிதைவு வினைக்கும் பயன்படுகிறது. நச்சேற்றம், திரளல், கரிபடிவு என மூன்றையும் பிரித்து, ‘திறனிழப்பு’ என்பதைப் பொதுச்சொல்லாகக் கொள்வது பாடத்திற்கு இன்றியமையாதது. கரிபடிவை எரித்து மீட்கலாம். திரளலை அவ்வாறு எளிதில் மீட்க இயலாது. சொல் வேறுபடாதவிடத்துத் தீர்வும் வேறுபட்டுத் தோன்றாது.

சான்றுகளின் தேர்விலும் இதே சுருக்கம் உண்டு. அம்மோனியா ஆக்கத்தில் இரும்புக்கு மாலிப்டினம் உயர்த்தியாகச் செயல்படும் என்பது பாடநூல்கள் திரும்பத் திரும்பத் தரும் சான்று. தொழில்துறையில் நிலைபெற்ற இரும்பு ஊக்கியில் பொட்டாசியம், அலுமினியம், கால்சியம் ஆகியவற்றின் ஆக்சைடுகளே சேர்க்கப்படுகின்றன. அலுமினா பரப்பு சுருங்காமல் காக்கிறது. பொட்டாசியம் நைட்ரஜன் பிணைப்பு முறிவதற்கு உதவுகிறது. அப்பிணைப்பு முறிதலே மொத்த வீதத்தை வரையறுக்கும் படி என்பதைப் பரப்பு ஆய்வுகளால் நிலைநாட்டிய எர்ட்லுக்கு 2007-இல் நோபல் பரிசு கிடைத்தது. மணலியில் அம்மோனியா ஆலை இருக்க, அதனருகே பயிலும் மாணவருக்குத் தொழில்துறை கைக்கொள்ளும் சான்று கிட்டாமற்போவது வருந்தத்தக்கது.

‘நச்சு’ என்னும் சொல்லுக்கு இப்பகுதியில் மற்றொரு பொருளும் அழுத்தமாக உண்டு. 2009-இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மணலியைக் கடுமையாக மாசுற்ற தொழிற்பகுதிகளுள் ஒன்றாக வகைப்படுத்தியது. 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூர்ப் பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து மக்கள் பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். நிக்கலுக்கு நச்சான கந்தகமும், மக்களின் மூச்சுக்கு நச்சான கந்தக டைஆக்சைடும், நச்சே அல்லாமல் உயிர்வளியை விலக்கி உயிரைப் போக்கும் நைட்ரஜனும் ஒரே வளாகத்தில் உள்ளன. காற்றுபட்டால் தீப்பற்றும் பழைய கந்தகநீக்க ஊக்கியைக் கலனிலிருந்து இறக்குகையில் நைட்ரஜனே நிரப்பப்படுகிறது. ‘இங்கு நச்சு வாயு இல்லை’ என்னும் உண்மையான தொடர், அக்கலனை அணுகும் தொழிலாளிக்கு உயிரிடர் விளைவிக்கும் தொடராகலாம்.

6. எதிர்வாதங்கள்

முதுநிலைப் பாடமும் ஆய்வேடும் ஆங்கிலத்திலேயே அமைவதால் இவ்வாராய்ச்சி தேவையற்றது எனக் கூறப்படலாம். தமிழில் முதுநிலை வேதியியல் இன்று பெருவழக்கன்று என்பது உண்மையே. ஆனால் 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, பொதுக் கருத்துக்கேட்புக்கு உட்படும் திட்டங்களின் அறிக்கைச் சுருக்கம் வட்டார மொழியிலும் அளிக்கப்பட வேண்டும். கந்தகமீட்பு அலகின் திறன், ஊக்கியின் ஆயுள், வெளியேற்றத்தின் அளவு ஆகியவற்றை எண்ணூரிலும் மணலியிலும் வாழ்வோர் தமிழில் படித்து வினாவெழுப்ப வேண்டியுள்ளது. அவ்வறிக்கையை எழுதுவோரும் மதிப்பிடுவோரும் முதுநிலைக் கல்வி பெற்றவர்களே. எனவே முதுநிலை அளவிலான தமிழ் ஏற்கெனவே தேவைப்படுகிறது; அது பயிற்றப்படவில்லை என்பதே உண்மை.

இரண்டாவது, இலங்கை வழக்கை முழுமையாக ஏற்றுவிடலாம் என்னும் கருத்து. அதுவும் பொருந்தாது. அங்கு வேதிவினைக்கு வழங்கும் ‘தாக்கம்’ தமிழ்நாட்டில் விளைவையும் பாதிப்பையும் குறிப்பதாக வேரூன்றிவிட்டது. ‘தாக்கத்தின் சூழல் தாக்கம்’ என்னும் தொடர் புதியதொரு மயக்கத்தையே பிறப்பிக்கும். ‘வினை’யைத் தமிழ்நாட்டு வழக்கிலிருந்தும் ‘வீதம்’, ‘வரிசை’ ஆகியவற்றை இலங்கை வழக்கிலிருந்தும் கொள்வதே தக்கது. பரப்பில் ஒட்டலையும் உள்ளே ஈர்த்தலையும் ‘புறத்துறிஞ்சல்’, ‘அகத்துறிஞ்சல்’ என இணையாகச் சுட்டும் இலங்கை வழக்கும் கருதத்தக்கது. பாடநூலின் ‘பரப்புக் கவர்தல்’, ‘உறிஞ்சுதல்’ என்பனவற்றில் இவ்விணைத்தன்மை புலப்படுவதில்லை.

மூன்றாவது, நிலைபெற்ற சொற்களை மாற்றுவது மாணவரைக் குழப்பும் என்பது. பள்ளி அளவில் இது ஏற்கத்தக்கதே. ஆகவே பாடநூற்சொற்களை உடனே நீக்க வேண்டியதில்லை. மேல்நிலைப் பாடநூலின் சொற்பட்டியலில் மாற்றுவழக்கையும் இணைத்துக் காட்டுதல், கல்லூரித் தமிழ் எழுத்தில் வேறுபாடு காக்கும் சொல்லைத் தேர்தல் என இருபடியாக இதனைச் செய்யலாம்.

முடிவுரை

வேதிவினை வேகவியலின் தமிழ்ச்சொற்கள் அறிவின்றியோ அக்கறையின்றியோ ஆக்கப்பட்டவை அல்ல. அவை ஆக்கப்பட்ட காலத்தின் தேவை, ஒரு சொல்லுக்கு ஒரு வரையறை என்பதாக இருந்தது. இன்றைய தேவை அதனினும் விரிந்தது. வினைவேகமாற்றம், பலபடித்தான, வேகம், வகை, நச்சு ஆகிய ஐந்து சொற்களும் தனித்து நிற்கையில் பொருள் தருகின்றன. தொழிற்கலனில் நிகழ்வதை விளக்கும் வாக்கியத்தில் வைக்கும்போது தடுமாறுகின்றன. இதனால், கலைச்சொல் குழுக்கள் ஒவ்வொரு சொல்லையும் ஏற்பதற்கு முன்னர், அத்துறையின் உயர்நிலை வாக்கியங்கள் சிலவற்றில் அதனை இட்டுப்பார்த்து, அண்டைச் சொற்களோடு மோதுகிறதா என ஆராய்வது நெறியாக வேண்டும். அவ்வாக்கியங்களைத் திரட்ட வேதியியல் துறையும் தமிழ்த்துறையும் ஒன்றிணைவது தேவை. இரு துறைகளும் ஒரே வளாகத்தில் இயங்கும் வடசென்னைக் கல்லூரிகளும் அவற்றின் அண்டையிலுள்ள ஆலைகளும் இம்முயற்சிக்கு இயல்பான தொடக்க இடங்களாகும்.